தேடத் தெரிவதும் ஒரு கல்வியே

வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் நாம் முதலில் கூப்பிடுவது அம்மாவைத்தான். அரை மணி நேரம் அலமாரியைக் கலைத்தும் நமக்கு அகப்படாத பொருள், அம்மா வந்து கை வைத்ததும் அகப்பட்டுவிடும். "கண்ணை எங்கே வைத்துக்கொண்டு தேடினாய்?" என்ற கேள்வியும் கூடவே வரும். அம்மாவுக்கு நம்மைவிடக் கூர்மையான கண்களா? இல்லை. எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அவர்கள் தேடுகிறார்கள். நாமோ எண்ணாமல் தேடுகிறோம். வேறுபாடு அவ்வளவுதான்.

இதே வேறுபாடு இணையத்தின் முன் அமரும்போதும் காணப்படுகிறது. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி எனப் பல பெயர்களில் வழங்கும் இணைய உலாவிகளை நாம் நாள்தோறும் திறக்கிறோம், மூடுகிறோம். ஆயினும் அவற்றுக்குள்ளேயே அமைந்திருக்கும் தேடற்கருவிகளில் பாதியைக்கூட நாம் தொட்டுப் பார்த்ததில்லை. "தேடினோம், கிடைக்கவில்லை" என்று சொல்ல மட்டும் தயங்குவதில்லை. கிடைக்காத குற்றம் கருவியினுடையதா, கேட்கத் தெரியாத நம்முடையதா? பெரும்பாலும் நம்முடையதே என்பது எங்கள் கருத்து. தேடுதல் ஒரு கல்வி. அதைப் பள்ளியில் பாடமாகவே கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் எங்கள் வகுப்பின் குற்றத்தை நாங்களே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குச் சமூக அறிவியல் செயல்திட்டமாக மேட்டூர் அணையைப் பற்றி எழுதி வரும்படி சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். விடுமுறை முடிந்தது. நோட்டுகள் மேசைமேல் அடுக்கப்பட்டன. அட்டைகள் வண்ண வண்ணமாக மின்னின. உள்ளேயோ, ஏறக்குறைய எல்லா நோட்டுகளிலும் ஒரே வரி: "மேட்டூர் அணையின் உயரம் 120 அடி." சிஸ்டர் நோட்டுகளை மூடி வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார்கள்: "பிள்ளைகளே, 120 அடி உயரமுள்ள அணையில் 120 அடி தண்ணீர் நிறைந்து நிற்கும்போது, காற்றடித்து ஓர் அலை எழும்பினால் என்ன ஆகும்?"

வகுப்பு வாயடைத்து நின்றது. 120 அடி என்பது அணையில் தேக்கப்படும் நீரின் முழு மட்டம். அணையின் உயரமோ 214 அடி. 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தியில் சொல்லப்படுவதால், தேடிய இடமெல்லாம் 120 என்னும் எண்ணே முந்திக்கொண்டு வந்து நின்றிருக்கிறது. நாங்களும் முதலில் வந்ததை வாரிக்கொண்டோம். ஒருத்தி செய்த பிழையைப் பார்த்து மற்றவர்கள் எழுதவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே தேடி ஒரே பிழையை அடைந்தோம் என்பதுதான் வேடிக்கை! சிஸ்டர் எங்களைத் தண்டிக்கவில்லை. "திரும்பவும் தேடுங்கள். இம்முறை விடையை மட்டுமன்றி, எப்படித் தேடினீர்கள் என்பதையும் எழுதி வாருங்கள்" என்று நூலகத்துக்கு அனுப்பினார்கள்.

நூலகத்துச் சிஸ்டர் எங்களைக் கணினியின் பக்கம் விடவில்லை. ஒரு தடித்த நூலை எடுத்து, அதன் கடைசிப் பக்கங்களைத் திறந்து, சொல்லடைவைக் காட்டினார்கள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் அச்சிட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்ட எங்களில் பலர் அப்பக்கங்களைத் திறந்ததே இல்லை என்று சொல்ல வெட்கப்படுகிறோம். பிறகு சிஸ்டர் வீரமாமுனிவரைப் பற்றிச் சொன்னார்கள். முற்காலத்து நிகண்டுகள் செய்யுள் வடிவில் இருந்தன. சொல்லின் பொருள் வேண்டுமாயின் நிகண்டை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியோ சொற்களை அகர வரிசையில் அடுக்கித் தந்தது. மனப்பாடம் இல்லாதவரும் விரல் வைத்துத் தேடிச் சொல்லைக் காண வழி பிறந்தது. அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 13ஆம் நூற்றாண்டில், பாரிஸ் நகரத்து டொமினிக்கன் சபைத் துறவிகள் ஹியூ என்பவரின் தலைமையில் இலத்தீன் விவிலியத்துக்கு ஒரு சொல்லடைவு செய்தார்கள். ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று கையால் குறித்துத் தொகுத்த பெருமுயற்சி அது. அத்துறவிகள் கூடி உழைத்துச் செய்த வேலையை இன்று உலாவி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறது. ஆனால் எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்பதை மட்டும் அது நமக்குச் சொல்லாது. அதை நாமே எண்ணிக் கண்டாக வேண்டும்.

அன்று நாங்கள் கற்றுக்கொண்டவற்றை வரிசையாகக் கூறுகிறோம். நாம் தேடும் செய்தி மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். ஒன்று, கண்முன் திறந்திருக்கும் பக்கம். இரண்டு, நாம் முன்பே சென்றுவந்த பக்கங்கள். மூன்று, நாம் இன்னும் காணாத பரந்த இணையம். இம்மூன்றுக்கும் கருவிகள் வெவ்வேறு. மேசை இழுப்பறையில் இருக்கும் பேனாவை ஊரெல்லாம் தேடுகிறவர் உண்டா? ஆனால் திறந்திருக்கும் பக்கத்திலேயே உள்ள விடைக்காக, அப்பக்கத்தை மூடிவிட்டு மீண்டும் கூகுளுக்குப் போகிறவர்கள் நம்மில் பலர்.

முதலாவது, திறந்திருக்கும் பக்கத்துக்குள் தேடுதல். கணினியில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி எஃப் எழுத்தை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி தோன்றும். ஆப்பிள் கணினியாயின் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. குரோம் உள்ள கைப்பேசியில் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், பக்கத்தில் தேடுவதற்கான வரி பட்டியலில் இருக்கும். பெட்டியில் சொல்லை எழுதியதும் அது எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணிக்கை காட்டப்படும். என்டர் விசையை அழுத்த அழுத்த அடுத்தடுத்த இடத்துக்குச் செல்லும். ஷிஃப்ட் விசையுடன் அழுத்தினால் பின்னோக்கி வரும். ஃபயர்பாக்ஸில் இன்னும் சில வசதிகள் உண்டு. முழுச் சொல்லாக வரும் இடங்களை மட்டும் காட்டச் சொல்லலாம். எல்லா இடங்களையும் ஒருசேர வண்ணமிட்டுக் காட்டச் சொல்லலாம்.

இவ்வளவு எளிதா என்று எண்ணி நாங்களும் பெட்டியில் "உயரம்" என்று எழுதினோம். பூஜ்யம்! மேட்டூர் அணையைப் பற்றி நீளமாக எழுதப்பட்ட பக்கத்தில் உயரம் என்ற சொல்லே இல்லையா? இருந்தது. ஆனால் "214 அடி உயரமுள்ள" என்று இருந்தது. இங்கேதான் தமிழ் படித்த நாம் விழித்துக்கொள்ள வேண்டும். நம் மொழியில் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்று வடிவம் மாறும். பெட்டிக்கு இலக்கணம் தெரியாது. எழுத்து எழுத்தாக ஒப்பிடத்தான் தெரியும். "உயரம்" என்பதன் கடைசி எழுத்து மெய்யெழுத்து. "உயரமுள்ள" என்பதில் அவ்விடத்தில் இருப்பது "மு". ஆகவே பெட்டி "இல்லை" என்றது. "உயர" என்று மட்டும் எழுதியவுடன் உயரம், உயரத்தை, உயரமுள்ள, உயரமும் யாவும் வந்து நின்றன.

இவ்விதியைத் தோழியர் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்: தமிழில் தேடும்போது முழுச் சொல்லை எழுதாதீர்கள், எல்லா வடிவங்களுக்கும் பொதுவாக நிற்கும் பகுதியை எழுதுங்கள். "குளம்" என்று எழுதினால் "குளத்தில்" அகப்படாது. "குள" என்றால் இரண்டும் அகப்படும். "நூல்" என்று எழுதினால் "நூல்கள்" கிடைக்கும், "நூலில்" கிடைக்காது. "வீடு" என்று எழுதினால் "வீட்டில்" கிடைக்காது. "ஆறு" என்று எழுதினால் "ஆற்றில்" கிடைக்காது. இவற்றை இருமுறை தேட வேண்டும். "மதுரை" போன்ற சொற்களில் தொல்லை இல்லை. "மதுரையில்" என்பதும் அதிலேயே அடங்கிவிடும். புணர்ச்சி விதிகளை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தோம் என்று எண்ணியிருந்தோமே, அவை இங்கேயும் கை கொடுக்கும் என்று யார் கண்டார்கள்!

எழுதும் முறையும் இடத்துக்கு இடம் மாறும். கோயில் என்பார் ஒருவர், கோவில் என்பார் மற்றொருவர். காவிரி என்பார் ஒருவர், காவேரி என்பார் இன்னொருவர். இரண்டையும் தேட வேண்டும். இன்னொரு கள்ளமும் உண்டு. "ஔவையார்" என்று எழுதும்போது சிலர் ஔ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். கருவிக்கோ வெவ்வேறு சொற்கள். ஆத்திசூடி பாடிய மூதாட்டியாரே ஓரெழுத்துப் பிழையால் காணாமற்போய்விடுகிறார்!

பழைய எழுத்துருக்களின் தொல்லையும் இருக்கிறது. உலகின் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் வகுத்துத் தரும் யூனிகோடு முறை 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் நெடுங்காலம் ஒவ்வோர் அச்சகமும் அலுவலகமும் தத்தம் எழுத்துருவையே கையாண்டன. 2010ஆம் ஆண்டில்தான் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. ஆகவே பழைய ஆவணங்கள் சிலவற்றில் கண்ணுக்குத் தமிழ் தெரியும். தேடினால் ஒன்றும் கிடைக்காது. அப்போது அந்தப் பக்கத்திலேயே உள்ள ஒரு சொல்லை நகலெடுத்துத் தேடற்பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். பெட்டியில் பொருளற்ற எழுத்துகள் தோன்றலாம், கவலை வேண்டாம். அச்சொல் வரும் மற்ற இடங்களைக் காண அது உதவும். காகிதத்தைப் படம் பிடித்து ஏற்றிய பக்கமாயின் எழுத்தே இல்லை, படம்தான். சில புதிய உலாவிகள் படத்திலுள்ள எழுத்தையும் படிக்க முயல்கின்றன. எனினும் அதை நம்பியிராமல் கண்ணால் படிப்பதே நன்று.

இதெல்லாம் வெறும் வகுப்பறை விளையாட்டு என்று எண்ண வேண்டாம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். அவள் தாயார் பூக்கட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். ஓர் உதவித்தொகை அறிவிப்பு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு கணினிக் கடைக்குப் போய் விசாரித்தார்கள். கடையில் இருந்தவர் அறிவிப்பைத் திறந்து, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "தேதி முடிந்துவிட்டதம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் மறுநாள் அழுதுகொண்டே பள்ளிக்கு வந்தாள். மதிய உணவு வேளையில் நாங்கள் நால்வர் கணினி அறையில் அனுமதி பெற்று அவ்வறிவிப்பைத் திறந்தோம். அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள்! "கடைசி தேதி" என்று தேடினோம், இல்லை. "கடைசி" என்று தேடினோம். வேறு எதையோ காட்டியது. அப்போது எங்களுள் ஒருத்தி சொன்னாள்: "நாம் பேசுகிறபடி அலுவலகத்தில் எழுத மாட்டார்கள். அவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று யோசியுங்கள்." "இறுதி" என்று எழுதினோம். நாற்பதாம் பக்கத்துக்குமேல் ஓரிடத்தில் "இறுதி நாள்" என்று வந்தது. கடைக்காரர் கண்டது வேறொரு பிரிவினருக்கான தேதி. எங்கள் தோழிக்கு உரிய பிரிவுக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

அவள் விண்ணப்பம் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்தது. உதவித்தொகை கிடைக்குமா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. கிடைக்க வேண்டும் என்று வகுப்பே வேண்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்றை நாங்கள் கண்ணாரக் கண்டோம். ஒரு சொல் தெரியாமையால் ஒரு பெண்ணின் மேற்படிப்பு நின்றுபோகக்கூடும். ஒரு சொல் தோன்றியமையால் அதற்கு வழி பிறக்கக்கூடும். விடையை எழுதியவர் எந்தச் சொல்லைக் கையாண்டிருப்பார் என்று எண்ணித் தேடுவதே நல்ல தேடல். நம் சொல்லை அவர்மேல் திணிப்பது அன்று.

இரண்டாவது, நாம் முன்பே சென்றுவந்த பக்கங்கள். "சென்ற வாரம் ஒரு நல்ல பக்கம் பார்த்தேன், எங்கே என்று மறந்துபோயிற்று" என்று நாம் எத்தனை முறை புலம்பியிருக்கிறோம்! உலாவி மறப்பதில்லை. கண்ட்ரோலுடன் எச் எழுத்தை அழுத்தினால் சென்றுவந்த இடங்களின் வரலாறு விரியும். குரோம் தன் வரலாற்றுப் பக்கத்தில் 90 நாட்கள் வரை வைத்திருக்கும். அதன் மேற்பகுதியிலேயே தேடற்பெட்டியும் உண்டு. ஃபயர்பாக்ஸில் முகவரிப் பெட்டியில் நட்சத்திரக் குறி இட்டு ஓர் இடைவெளி விட்டு ஒரு சொல்லை எழுதினால், நாம் குறித்து வைத்த பக்கங்களில் மட்டும் தேடும். விழுக்காட்டுக் குறி இட்டால் திறந்திருக்கும் பக்கங்களில் மட்டும் தேடும். குரோமின் முகவரிப் பெட்டியில் மின்னஞ்சலில் வரும் @ குறியை இட்டாலே, வரலாறு, குறித்துவைத்த பக்கங்கள், திறந்திருக்கும் பக்கங்கள் ஆகியவற்றில் எதைத் தேடுவது என்று கேட்டுக்கொள்ளும். தவறி மூடிய பக்கத்தைக் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி ஆகிய மூன்றையும் அழுத்தி மீட்டுக்கொள்ளலாம்.

பெற்றோருக்கும் எங்களுக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. பக்கத்துக்குள் தேடும் சொல் நம் கணினியிலேயே நின்றுவிடும். முகவரிப் பெட்டியில் எழுதுவதோ பெரும்பாலும் தேடுபொறி நிறுவனத்துக்குச் சென்றுவிடும். நாம் எழுதி முடிக்கு முன்பே அது நமக்குச் சொற்களை எடுத்துக் கொடுப்பது அதனால்தான். ஆகவே கடவுச்சொல், வீட்டு முகவரி போன்றவற்றை அங்கே எழுதலாகாது. தனிப்பட்ட சாளரம் என்று ஒன்று உண்டு. அதைத் திறந்துவிட்டால் எவருக்கும் எதுவும் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கணினியில் வரலாறு பதியாது என்பது மட்டுமே உண்மை. நாம் போகும் தளத்துக்கும், இணைய இணைப்புத் தருபவருக்கும் நம் போக்குவரத்து மறைவதில்லை.

மூன்றாவது, பரந்த இணையம். 2008இல் குரோம் வந்தபோது முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பெட்டியை அமைத்தார்கள். அந்தப் பெட்டியில் நம்மில் பலர் நீண்ட கேள்வியை எழுதிவிட்டு, முதலில் வரும் வரியை எடுத்துக்கொள்கிறோம். கேள்வியைக் கூர்மையாக்கச் சில குறிகள் போதும். சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் அச்சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களைத் தேடும். "ஸ்டான்லி நீர்த்தேக்கம்" என்று மேற்கோளுக்குள் எழுதினோம். மேட்டூர் அணையின் இன்னொரு பெயரைச் சொல்லும் பக்கங்கள் வந்தன. வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இட்டால் அச்சொல் வரும் பக்கங்களை விலக்கும். "மேட்டூர் அணை உயரம்" என எழுதி, அதன்பின் கழித்தல் குறியுடன் "நீர்மட்டம்" என்று சேர்த்தவுடன், எங்களை ஏமாற்றிய அன்றாடச் செய்திகளில் பெரும்பகுதி ஒதுங்கிப் போயிற்று. ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் ஒரு தளத்தின் பெயரை எழுதினால் அத்தளத்துக்குள் மட்டும் தேடும். அரசு அறிவிப்பாயின் அரசுத் தளத்திலேயே தேடிக்கொள்ளலாம் அல்லவா?

இவ்வளவு தெரிந்தும் ஓர் ஆபத்து எஞ்சியிருக்கிறது. தேடிய சொல் கிடைத்தவுடன், அதை மட்டும் கொத்திக்கொண்டு பறந்துவிடுவோம். 120 என்ற எண்ணை நாங்கள் கண்ட பக்கத்தில், அதே வரியில் நீர்மட்டம் என்ற சொல்லும் இருந்திருக்கிறது! எண்ணைப் பார்த்தோம், வரியைப் படிக்கவில்லை. ஆகவே சொல் கிடைத்தால் அதற்கு மேலே நான்கு வரி, கீழே நான்கு வரி படித்த பிறகே எடுத்து எழுதுவது என்று எங்கள் வகுப்பில் முடிவு செய்திருக்கிறோம். 2024ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் கூகுள் தேடலின் உச்சியில், இயந்திரமே எழுதித் தரும் சுருக்க விடை தோன்றத் தொடங்கியது. அது பல நேரம் உதவுகிறது. சில நேரம் பிழை செய்கிறது. பிழையையும் சரியையும் ஒரே உறுதியான குரலில் அது சொல்லுவதால், எது எதுவென்று நமக்குத் தெரிவதில்லை. அச்சுருக்கத்தோடு தரப்படும் மூலப் பக்கத்தைத் திறந்து, அதற்குள் நம் சொல்லைத் தேடிப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

"கையில் கைப்பேசியைக் கொடுத்தால் பிள்ளை படிப்பை விட்டு எங்கெங்கோ அலைகிறாளே!" என்று பெற்றோர் கவலைப்படுவது எங்களுக்குத் தெரியும். அக்கவலை பொய்யன்று. ஆனால் சந்தைக்குப் பட்டியலோடு போகிறவள் விரைவில் வீடு திரும்புகிறாள். பட்டியல் இல்லாமல் போகிறவள்தான் கடை கடையாக நின்று நேரத்தையும் பணத்தையும் தொலைக்கிறாள். தேடத் தெரியாமையே அலைச்சலுக்கு ஒரு பெரிய காரணம். இன்னும் சிலர், "எல்லாவற்றையும் தேடிக்கொள்ளலாம் என்றால் மனப்பாடம் எதற்கு, நூலகம் எதற்கு?" என்று கேட்கலாம். நாங்கள் கண்டதோ இதற்கு நேர்மாறு. ஒன்றுமே படிக்காதவருக்குத் தேடுவதற்குச் சொல்லே கிடைக்காது. "இறுதி நாள்" என்ற சொல் எங்கள் தோழியின் நினைவுக்கு வந்தது அவள் நூலகத்தில் செய்தித்தாள் படிக்கிற வழக்கத்தால்தான். சிஸ்டர் கேட்ட அலையின் கேள்வியும் எந்தத் தேடற்பெட்டியிலும் பிறக்கவில்லை. சிந்திக்கும் மனத்தில் பிறந்தது.

ஆகவே எங்கள் பள்ளி நிருவாகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறோம். ஆறாம் வகுப்பில் அகராதி பார்க்கக் கற்பிக்கும்போதே, நூலின் சொல்லடைவையும் உலாவியின் தேடற்கருவிகளையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். செயல்திட்டங்களின் இறுதியில், எந்தச் சொற்களால் தேடினோம், எந்தப் பக்கத்தில் கண்டோம், வேறு எங்கே ஒப்பிட்டுப் பார்த்தோம் என்பதை எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் தர வேண்டும். வீட்டில் கணினி இல்லாத மாணவியருக்காக வாரம் ஒருநாள் மாலையில் கணினி அறையைத் திறந்து வைத்து, உதவித்தொகை, மேற்படிப்பு அறிவிப்புகளைத் தாயாரோடு அமர்ந்து தேட இடம் தர வேண்டும். மூன்றாவது வேண்டுகோளையே முதன்மையானதாக நாங்கள் கருதுகிறோம். கணினிக் கடையில் ஒரு சொல் கேட்டுத் திரும்பிவிடும் தாய்மார்கள் இன்னும் எத்தனை பேரோ!

அன்புத் தோழியரே, அம்மா தேடும்போது பொருள் கிடைக்கிறதே, அது எண்ணிப் பார்த்துத் தேடுவதால்தான். நாமும் எண்ணித் தேடுவோம். கிடைத்ததைப் படித்துப் பார்த்து எடுப்போம். சிறியோம் எழுதியதில் குறை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறோம். இக்கட்டுரையில் வரும் ஆண்டுகளையும் எண்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். நீங்களும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி